கம்பி எங்கே போனது?

இந்த இதழில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். தத்துவமெல்லாம் முறையாகப் படித்தவன் இல்லை. ஆனால் போன செமஸ்டர் விடுமுறையில் ஒரு புலியைப் படம் எடுத்தேன். அந்தப் படத்தோடு வந்த ஒரு கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கேள்வி இதுதான்: ஒரு வார்த்தைகூடப் பொய் பேசாமல் ஒருவன் பொய் சொல்ல முடியுமா?

முடியும் என்று இப்போது நினைக்கிறேன். அதைச் செய்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்தில் உள்ள ஒரு மிருகக்காட்சிசாலை. நானும் என் ரூம்மேட்டும் அவனுடைய காரில் காலையிலேயே போய்விட்டோம். யூனி புகைப்படக் கழகத்திலிருந்து ஒரு கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் இரவல் வாங்கியிருந்தேன். "பெரிய பூனைங்கள காலையிலதான் எடுக்கணும் தம்பி. வெயில் ஏறிட்டா எல்லாம் நிழல்ல படுத்துத் தூங்கிடும்" என்று கழகத்து சீனியர் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சொன்னது சரிதான். சிங்கம் நாங்கள் போவதற்கு முன்பே தூங்கிவிட்டது. அடுத்து கருஞ்சிறுத்தை. நம் தீபகற்பத்தில் உள்ள சிறுத்தைகளில் ஏறக்குறைய எல்லாமே கறுப்புதான் என்று படித்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது அது நிழலுக்குள் இன்னொரு நிழலாக உட்கார்ந்திருந்தது. கேமராவுக்கு எதைப் பிடித்து ஃபோகஸ் செய்வது என்றே தெரியவில்லை. கறுப்பில் கறுப்பைத் தேடித் தேடி லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது.

புலி மட்டும்தான் விழித்திருந்தது. கம்பி வேலி ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது. சுற்றி நல்ல கூட்டம். எல்லார் கையிலும் கைப்பேசி. ஒருவர் "ஹோய், ஹோய்" என்று கத்தி அதைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார். ஒரு சின்னப் பையன் எடுத்த படத்தை அவன் அப்பாவிடம் காட்டினான். அதில் கம்பி தெளிவாக இருந்தது, பின்னால் புலி மஞ்சளாக ஏதோ ஒன்று போல இருந்தது. "கம்பிதான்பா தெரியுது" என்று அவன் அழாத குறை.

என் படத்தில் அப்படி வராது. ஏன் வராது என்று கொஞ்சம் பொறியியல் பேச அனுமதியுங்கள்.

300 மி.மீ.யில் f/5.6 என்று வைத்தால், ஒளி உள்ளே வரும் திறப்பு சுமார் 54 மி.மீ. அகலம். வேலிக் கம்பி 3 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். புலியின் முகத்தில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸின் முழு அகலத்திலும் வந்து விழுகிறது. அந்த 54 மி.மீ. வட்டத்துக்குக் குறுக்கே ஒரு 3 மி.மீ. கம்பி வந்தால், அது மறைப்பது ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு ஒளியைத்தான். மீதி எல்லாம் கம்பியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். கைப்பேசியின் லென்ஸ் திறப்போ சில மில்லிமீட்டர்தான். கம்பி குறுக்கே வந்தால் அவ்வளவுதான், கதவு மூடிய மாதிரி. ஆகவே பெரிய லென்ஸ், பெரிய திறப்பு, லென்ஸை முடிந்தவரை வேலிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், புலி வேலியை விட்டுத் தள்ளிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். கம்பி காணாமல் போய்விடும்.

சரியாகச் சொன்னால், கம்பி காணாமல் போவதில்லை. அது மங்கி, பரவி, படம் முழுக்க ஒரு மெல்லிய புகை மாதிரி இருக்கும். அதையும் கணினியில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் கூட்டினால் சரி செய்துவிடலாம். கம்பி படத்தில் எல்லா இடத்திலும் இருக்கும், எந்த இடத்திலும் தெரியாது. இந்த விஷயம் அன்றைக்கு எனக்கு வெறும் டெக்னிக்காகத்தான் தெரிந்தது.

நாற்பது நிமிடம் காத்திருந்தேன். புலி நடையை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் மூங்கில் புதருக்குப் போனது. இளவெயில் அதன் தோளில் விழுந்தது. தலையைத் தூக்கி எங்கேயோ பார்த்தது. அழுத்தினேன். அன்றைக்கு எடுத்த 214 படங்களில் அது ஒன்றுதான் படம். கம்பி இல்லை, சிமெண்ட் சுவர் இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை. மூங்கிலும் புலியும் மட்டும். ரூம்மேட் திரையைப் பார்த்துவிட்டு, "டேய், தாமான் நெகாராவுல எடுத்த மாதிரி இருக்குடா" என்றான். எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது.

அன்று இரவே இன்ஸ்டாகிராமில் போட்டேன். தலைப்பு: "மலாயாவின் ராஜா." இடம்: பேராக். ஒரு மாதம் கழித்து யூனியில் நடந்த ஒரு புகைப்படப் போட்டிக்கு, "இயற்கை" என்ற பிரிவில் அதே படத்தை அனுப்பினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. 200 ரிங்கிட், ஒரு சான்றிதழ். மேடையில் நடுவர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, எங்கே எடுத்தது என்று கேட்டார். "பேராக், சார்" என்றேன். "ஓ, பெலும் காட்டிலா?" என்றார். நான் சிரித்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. பேராக்கில் எடுத்தேன் என்பது உண்மை. மலாயாப் புலி என்பதும் உண்மை. பெலும் என்று நான் சொல்லவே இல்லை. ஒரே ஒரு சிரிப்பு.

பாட்டியின் எலுமிச்சை விளக்கு

பிரச்சினை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்தது. அம்மா அந்தப் படத்தையும் சான்றிதழையும் பெருமையாகக் குழுவில் போட்டார். சித்தி அதைப் பாட்டியிடம் காட்டியிருக்கிறார்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகையில் புலி ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டு போன கதையை எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். விடியும் முன்பே மரம் சீவப் போகிறவர்கள் கும்பலாகத்தான் போவார்களாம், தகர டின்னைத் தட்டிக்கொண்டே போவார்களாம். இருட்டிய பிறகு பாட்டி இன்றைக்கும் "புலி" என்று வாயால் சொல்ல மாட்டார். "அது" என்றுதான் சொல்வார். மலாய்க்காரர்களும் பெயரைச் சொல்லாமல் "பாக் பெலாங்" என்று மரியாதையாகச் சொல்லும் வழக்கம் உண்டு.

அப்படிப்பட்ட பாட்டி படத்தைப் பார்த்ததும் எனக்குப் போன் செய்தார். "ஏன்யா, இவ்வளவு கிட்டப் போயா நின்ன? காட்டுக்குள்ள தனியாவா போன? உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று ஒரே படபடப்பு. நான் வகுப்புக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். "ஒண்ணும் ஆகல பாட்டி, லென்ஸ் பெருசு, தூரத்துல இருந்துதான் எடுத்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாருங்கள், அதுவும் உண்மைதான்!

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது, செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் பாட்டி என்னைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார். எலுமிச்சம்பழத்தை அறுத்து, பிழிந்து, தோலைத் திருப்பி, நெய் ஊற்றித் திரி போட்டு துர்க்கை அம்மன் சன்னதியில் விளக்கேற்றினார். என் பெயர், ராசி, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, பாட்டி கண்ணை மூடி, "எம்புள்ளைய அதோட வாயில இருந்து காப்பாத்திக் குடுத்தியே தாயே" என்று முணுமுணுத்தார். எனக்கு நன்றாகக் கேட்டது.

நண்பர்களே, நான் வேலிக்கு வெளியே, ஐஸ் மைலோ டம்ளர் பக்கத்தில் இருக்க, கூட்டத்தோடு நின்று எடுத்த படம் அது. இல்லாத ஆபத்துக்கு நன்றி சொல்லி ஒரு வயதான மனுஷி விளக்கேற்றுகிறார். நெற்றியில் குங்குமத்தோடு நான் நிற்கிறேன். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

தருமரின் தேர்

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஞாபகம் வந்தது மகாபாரதத்தின் அந்த இடம்தான். சமய வகுப்பில் நாம் எல்லாரும் கேட்டதுதான். துரோணரை ஆயுதத்தால் வெல்ல முடியாது. அவர் மகன் அசுவத்தாமன் இறந்துவிட்டான் என்று நம்பினால் மட்டும் வில்லைக் கீழே வைப்பார். ஆகவே பீமன் அசுவத்தாமன் என்ற பெயருள்ள ஒரு யானையைக் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் இறந்தான் என்று கத்துகிறான். துரோணர் நம்பவில்லை. பொய்யே சொல்லாத தருமரிடம் கேட்கிறார். தருமரும் அசுவத்தாமன் இறந்தான் என்றே சொல்கிறார். யானை என்ற சொல்லை மட்டும் காதில் விழாதபடி மெல்லச் சொல்கிறார். துரோணர் வில்லை வைக்கிறார், கொல்லப்படுகிறார். அதுவரை பூமியைத் தொடாமல் நாலு விரல் உயரத்தில் ஓடிய தருமரின் தேர் அந்த நொடியில் தரையில் இறங்கிவிட்டதாம்.

சின்ன வயதில் இந்தக் கதை எனக்கு ஒரு குழப்பம். சொன்ன சொல்லில் பொய்யே இல்லையே, பிறகு ஏன் தேர் இறங்க வேண்டும்? இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. உண்மை என்பது என் வாயிலிருந்து என்ன வெளியே போகிறது என்பதோடு முடிவதில்லை. எதிரில் இருப்பவர் மனதில் அது என்னவாகப் போய்ச் சேர வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ, அங்கேதான் முடிகிறது. தருமர் மெல்லச் சொன்ன "யானை"யும் நான் மேடையில் சிரித்த சிரிப்பும் ஒரே வேலையைத்தான் செய்தன. தருமருக்காவது ஒரு போர் இருந்தது. எனக்கு இருந்தது 200 ரிங்கிட்டும் கொஞ்சம் லைக்கும்.

ரூம்மேட்டிடம் இதைச் சொன்னேன். அவன் சும்மா விடுகிற ஆள் இல்லை. "நீ ரொம்ப யோசிக்கிறடா. கல்யாண வீட்டுல போட்டோக்காரரு குப்பைத் தொட்டிய விட்டுட்டுத்தான் எடுப்பாரு. அது பொய்யா? எல்லாப் படமும் எதையாவது வெட்டித்தான் எடுக்குறது" என்றான். அடுத்து, தமிழ்ப்பள்ளியில் படித்ததை எடுத்து விட்டான்: "வள்ளுவரே வாய்மைன்னா யாருக்கும் தீங்கு இல்லாததச் சொல்றதுன்னுதானே சொல்லியிருக்காரு? நல்லது நடந்தா பொய்கூட உண்மைக்குச் சமம்னு வேற சொல்லியிருக்காரு. உன் படத்தால யாருக்கு என்னா நஷ்டம்? படத்தப் பாத்து நாலு பேருக்குப் புலி மேல ஆசை வந்தா நல்லதுதானே?"

முதல் வாதத்துக்கு எனக்குப் பதில் கிடைத்தது. குப்பைத் தொட்டியை விட்டுவிட்டு எடுத்தால் அந்தக் கல்யாணம் வேறு கல்யாணம் ஆகிவிடாது. கம்பியை விட்டுவிட்டு எடுத்தால் அந்தப் புலியின் வாழ்க்கையே வேறு வாழ்க்கை ஆகிவிடுகிறது. சட்டத்துக்கு வெளியே எதை விடுகிறோம் என்பதைவிட, விட்டது அந்த விஷயத்தின் ஓரமா, நடுவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாதம்தான் என்னை அசைத்தது. யாருக்கு நஷ்டம்? கேள்வி நியாயமானது. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

அழகில்லாத படங்கள்

1950-களில் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. பாட்டியின் கன்றுக்குட்டி போன காலம் அது. 2016 முதல் 2020 வரை நாடு முழுக்க முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு நடந்தது. அதன் முடிவு: காட்டில் 150-க்கும் குறைவு. நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. நம் கால்பந்துக் குழுவுக்குப் பெயரே ஹரிமாவ் மலாயா. மலாயாப் புலியைத் தனி உள்ளினம் என்று அறிவியல் உலகில் பிரித்துச் சொன்னதே 2004-இல்தான். பெயர் வைத்து முடிப்பதற்குள் ஆள் போய்விடும் போல இருக்கிறது.

அந்தக் கணக்கெடுப்பை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? அதுவும் புகைப்படத்தால்தான். காட்டில் மிருகங்கள் நடக்கும் தடத்தில், மரத்தில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். உடம்புச் சூடுள்ள ஏதாவது ஒன்று குறுக்கே போனால் சென்சார் உணர்ந்து கேமரா தானாகப் படம் எடுக்கும். புலியின் வரிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறுவேறு. அதனால் தடத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிரே கேமரா வைத்து, வரியை வைத்து இது எந்தப் புலி என்று அடையாளம் காண்கிறார்கள்.

அப்படி எடுத்த சில படங்களைப் பார்த்தேன். இரவில் எடுத்தவை கறுப்பு வெள்ளை. சிலதில் பாதி உடம்பு, சிலதில் வாலும் ஒரு பின்னங்காலும் மட்டும். கண் இரண்டும் பல்பு மாதிரி எரிகிறது. மூலையில் தேதி, நேரம். எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாது. ஆனால் அந்தப் படங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் உண்மை. எந்த இடம், எத்தனை மணி, எந்தப் புலி. 150-க்கும் குறைவு என்று நாம் இன்று சொல்ல முடிவது அந்த அழகில்லாத படங்களால்தான்.

இன்னொன்றும் படித்தேன். நம் காட்டில் புலி குறைந்ததற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணங்களில் ஒன்று, திருட்டு வேட்டைக்காரர்கள் வைக்கும் கண்ணி. கேபிள் கம்பியை வளையமாகச் சுற்றித் தடத்தில் வைத்துவிடுகிறார்கள். புலி மட்டுமல்ல, அதற்கு உணவான ருசா மானும் அதில்தான் மாட்டுகிறது. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வேலிக் கம்பியை மறைத்து, இந்தப் புலி காட்டில் சுதந்திரமாக இருக்கிறது என்று காட்டினேன். அந்தக் காட்டிலும் கம்பி இருக்கிறது! ஒரே படத்தில் இரண்டு கம்பியையும் மறைத்திருக்கிறேன்.

ரூம்மேட்டின் கேள்விக்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். நஷ்டம் புலிக்கு. என் படத்தைப் பார்த்த 600 பேரில் ஒருவராவது, "பரவால்லையே, நம்ம காட்டுல புலி நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று நினைத்துவிட்டுத் திரையைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார். கவலைப்பட வேண்டிய ஒருவரின் கவலையை நான் எடுத்துவிட்டேன். யாரும் வாய் திறந்து புகார் சொல்ல மாட்டார்கள் என்பதால் அது தீங்கு இல்லை என்று ஆகிவிடாது. வள்ளுவர் சொன்ன தீங்கில்லாத சொல்லில், வாயில்லாத ஜீவனுக்கு வரும் தீங்கும் அடங்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டிலும் இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் என்ற பெரிய போட்டியில் 2009-இல் முதல் பரிசு வாங்கியது ஓர் ஓநாய் படம். இரவில் ஒரு மரக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய். 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். எடுத்தவர் மறுத்தார். என்னை யோசிக்க வைத்தது இதுதான்: படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அதே ஓநாய், அதே கதவு, அதே ஒளி. மாறியது அந்தப் படத்தைப் பற்றிப் பார்ப்பவர்கள் நம்பியது மட்டும்தான்.

இன்னொரு பக்கத்துப் பொய்

இனி உண்மையாகவே எடுப்போம் என்று முடிவு செய்து, திரும்பவும் அந்த மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். இந்தத் தடவை லென்ஸ் திறப்பைச் சுருக்கி, கம்பியில் ஃபோகஸ் வைத்தேன். கம்பி கத்தி மாதிரி தெளிவாக, பின்னால் புலியின் முகம் லேசாக மங்கி. வாய் கொஞ்சம் தொங்கிய மாதிரி ஒரு நொடியைப் பிடித்தேன். "இதன் கண்ணீரை யார் துடைப்பார்?" என்று தலைப்புகூட மனதில் தயார். போட்டால் முதல் படத்தைவிட அதிகம் லைக் வரும் என்றும் தெரியும்.

அப்போது பராமரிப்பாளர் ஒருவர் பின்பக்கக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. புலி சட்டென்று திரும்பி அந்தப் பக்கம் ஓடியது. சாப்பாட்டு நேரம். இவ்வளவு நேரம் அது வேலி ஓரம் நடந்தது கறிக்காகவா, வேறு எதற்காகவா? காட்டில் பெரிய எல்லையில் திரியும் ஊனுண்ணிகள்தான் கூண்டில் இப்படி அதிகம் நடக்கின்றன என்று 2003-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே அந்த நடைக்கு ஓர் அர்த்தம் இருக்கலாம். ஆனால் அதன் முகத்தைப் பார்த்து அழுகிறது என்று எழுதும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது? முதலில் அதை ராஜா ஆக்கினேன். இப்போது கைதி ஆக்கப் பார்க்கிறேன். இரண்டு தடவையும் எனக்கு வேண்டிய புலியை நானே செய்துகொண்டேன்.

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு கால் மணி நேரம் சும்மா நின்றேன். கையில் கேமரா இல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். இடது காதில் ஒரு சின்ன வெட்டு இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் குடிக்கும்போது பின்னங்கால் ஒன்றைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தது, வயதாகியிருக்கலாம். என் 214 படங்களிலும் இது எல்லாம் இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. கோயிலில் நாம் தரிசனம் என்று சொல்கிறோமே, அதில் சாமியைப் பார்ப்பதோடு சாமி நம்மைப் பார்ப்பதும் சேர்ந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். புலி என்னைப் பார்த்ததா என்றால், இல்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனால் அது என்னைப் பார்த்தால் தலைகுனியாமல் நிற்க முடியுமா என்று மட்டும் யோசித்தேன்.

அன்று மாலை பாட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டுக்குள் இருக்கும் புலி, நடுவில் கம்பி, நான் கூட்டத்தில் நின்றேன் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாமுல்லய்யா? உனக்குப் பண்ணுன அர்ச்சனைய அதுக்குப் பண்ணியிருப்பேன்" என்றார். எங்கள் வீட்டுக் காலண்டரில் துர்க்கை அம்மன் புலிமேல்தான் உட்கார்ந்திருக்கிறார். பாட்டிக்கு அது அம்மனின் வாகனம். கன்றைத் தூக்கிக்கொண்டு போனதும் அதுதான். இரண்டும் அவருக்கு முரணாகத் தெரியவில்லை. பயமும் மரியாதையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. உண்மையைச் சொல்லாமல் விட்டதால் அந்தப் பிரார்த்தனை தவறான முகவரிக்குப் போய்விட்டது.

போட்டி நடத்தியவர்களுக்கும் எழுதினேன். "இயற்கை" பிரிவில் காட்டு விலங்காக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை, பரிசு உங்களுடையதுதான் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. விதிப்படி நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அது எனக்கு நிம்மதி தரும் என்று நினைத்தேன், தரவில்லை. அந்த 200 ரிங்கிட்டில் ஏற்கெனவே மோட்டார் டயர் மாற்றிவிட்டேன். அதை நான் திருப்பித் தரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் கம்பியை மறைத்த இன்னொரு படம் ஆகிவிடும்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. கம்பியை மங்கச் செய்வதும் தப்பு இல்லை என்றே இன்னும் நினைக்கிறேன். புலியின் தோளில் விழுந்த வெயில் உண்மை, அதைக் காட்ட கம்பி கொஞ்சம் ஒதுங்கலாம். ஆனால் படத்திலிருந்து நான் எடுத்துவிட்டதை எழுத்தில் திருப்பி வைக்கும் கடன் எனக்கு இருக்கிறது. இப்போது அந்தப் படத்தின் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "மலாயாப் புலி. மிருகக்காட்சிசாலையில், கம்பி வேலிக்கு வெளியிலிருந்து எடுத்தது. காட்டில் இன்று இருப்பவை 150-க்கும் குறைவு." தலைப்பு மாறிய பிறகு சிலர் லைக்கை எடுத்துவிட்டார்கள். ஒரு தம்பி மட்டும், "அண்ணே, 150-தானா?" என்று கேட்டு எழுதினான். அவனுக்குக் கண்ணியைப் பற்றியும் மரத்தில் கட்டும் கேமராவைப் பற்றியும் எழுதினேன். முதல் தலைப்புக்கு அப்படி ஒரு கேள்வி வரவே இல்லை.

நாம் எல்லாருமே இன்று படம் போடுகிறவர்கள்தான். புலியை விடுங்கள். தைப்பூசத்தில் காவடி, கோயிலில் அன்னதானம், பட்டமளிப்பு, நாம் போகும் சேவைப் பயணம், அங்கே நாம் அரிசிப் பையைக் கொடுக்கும்போது எதிரில் நிற்கும் முகம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கம்பியை ஒதுக்கித்தான் எடுக்கிறோம். போடுவதற்கு முன் ஒரு நிமிடம், நான் எதை மறைத்தேன், அது ஓரமா நடுவா என்று கேட்டுக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. யாராவது "எங்கே எடுத்தது?" என்று கேட்டால், சிரிக்காமல் முழுப் பதிலையும் சொல்லிவிடுவோம்.

வருகிற செவ்வாய்க்கிழமை பாட்டியோடு கோயிலுக்குப் போகிறேன். இந்தத் தடவை அர்ச்சனை யாருக்கு என்று ஐயர் கேட்டால், ராசி நட்சத்திரம் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டி அதற்கும் ஏதாவது வழி வைத்திருப்பார்.